ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான ஆயர் ஐயா, ஆயரம்மா, சபைக் கமிட்டியார், சங்கத்தின் அண்ணன்மார், தம்பிமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரை நம் சங்கம் செய்ததும் செய்யாமல் விட்டதும் இதில் இருக்கிறது. போன வருடம் அறிக்கை நீளம் என்று சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. இந்த வருடமும் நீளம்தான். பிரியாணி இன்னும் தம்மில் இருக்கிறதாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் இதே சென்னையில், செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானதை நினைத்து செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை நடந்தது, நம் சங்கத்தார் வேதபாடம் வாசித்தார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வழக்கம்போல ஒரு பூசணிக்காய் நாட்டுக்கோழியைவிட அதிக விலைக்குப் போனது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு முன்பு காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் நம் சபையாரின் கல்லறைகளைச் சுத்தம் செய்தோம், வந்தவர்கள் குறைவு, வெள்ளையடித்த கல்லறைகள் அதிகம். வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் நல்லபடியாக முடிந்தது, டெம்போ ஒருமுறைதான் நின்றது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்ததும் கஞ்சி ஊற்றினோம். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு நாற்காலி போட்டதும் நாம்தான், எடுத்துவைத்ததும் நாம்தான்.

சரி, இனி வீட்டுக் கூடுகைக்கு வருகிறேன். இது செயலாளரின் சொந்த ஆசை என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆமாம், நான்தான் கமிட்டியில் கேட்டேன். மாதாமாதம் சபை ஹாலில் அதே பத்துப் பேர் கூடி, வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசவைத்து, நன்றியுரை சொல்லி, சமோசா தின்று கலைவதற்குப் பெயர் ஐக்கியமா என்று கேட்டேன். கடைசி சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒரு உறுப்பினர் வீட்டில் கூடுவோம், ஆண்கள் மட்டும் அல்ல, வீட்டுக்காரம்மா, பிள்ளைகள், மாமியார் எல்லாரும் இருக்கட்டும், ஆயர் ஐயா பிரசங்கம் பண்ண வேண்டாம், உட்கார்ந்து பேசட்டும், இவ்வளவுதான் யோசனை. வீடு சின்னது எங்கே உட்காருவது என்றார் ஒருவர், டீச் செலவு யார் தலையில் என்றார் இன்னொருவர், அங்கி இல்லாமல் தரையில் உட்கார்ந்தால் ஆயருக்கு மரியாதை குறையும் என்றுகூட ஒரு பெரியவர் சொன்னார். ஐயா சிரித்துவிட்டு, "எனக்கு முட்டிவலி, ஒரு ஸ்டூல் போதும்" என்றார். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

முதல் கூடுகை பழைய வண்ணாரப்பேட்டையில். மூன்றாவது மாடி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. ஐயா 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று வாசித்தார். நமக்கு இன்றைக்கு அடி விழப்போகிறது என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் சொன்னது தன் வீட்டுக் கதை. மாற்றல் வரும்போதெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறுகிறார்கள், ஒருநாள் பெண் ஒரு படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் கொண்டுவந்து நீட்டினாளாம். ஊர்ப் பிள்ளைகள் தலையிலெல்லாம் கைவைத்து ஜெபிக்கிறேன், என் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று யோசித்தேன் என்றார். உடனே அடுப்படிப் பக்கமிருந்து ஆயரம்மா, "சனிக்கிழமை ஆனா பிரசங்கம் தயார் பண்றேன்னு கதவைச் சாத்திக்குவாரு, தட்டுறதுக்கே பிள்ளைங்க பயப்படும்" என்றார்கள். ஆயர் குடியிருக்கும் குருமனைக்குள் இருக்கிறவர்களும் நம்மைப் போலத்தான் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் எங்களுக்கும் வாய் திறந்தது.

குடும்ப ஜெபம் பற்றிப் பேச்சு வந்தது. சாயங்காலம் எட்டு மணி ஜெபம் நம் அப்பா காலத்தோடு போய்விட்டது, மறைக்க என்ன இருக்கிறது. ஒருவருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட், மருமகளுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, பையன் டெலிவரி வண்டி எடுத்துக்கொண்டு போனால் பன்னிரண்டு மணிக்குத்தான் வருகிறான். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக விழித்திருப்பது விடியற்காலை தண்ணீர் லாரி வரும்போது மட்டும்தான் என்று அந்த வீட்டு அம்மா சொன்னதும் கொல்லென்று சிரிப்பு. ஐயா சிரிக்கவில்லை. "அப்போ அங்கேயே வச்சுக்கோங்க. குடத்தை வரிசையில வச்சுட்டு ஒரு சங்கீதம் சொன்னா கர்த்தர் வேண்டாம்னா சொல்லப்போறார்?" என்றார். அந்த வீட்டில் இன்று வரை அப்படித்தான் நடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் நம் சபை இல்லை, ஏன் கிறிஸ்தவர்களே இல்லை, லாரி லேட்டானால் "இன்னிக்கு ரெண்டு பாட்டா பாடுங்களேன்" என்கிறார்களாம்.

திருவொற்றியூர்க் கூடுகையைச் சொல்லாமல் விட முடியாது. மனைவியை இழந்த நம் உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம், "ஐயா, நானும் ஜெபம் பண்ணினேன், உபவாசமும் இருந்தேன், கேட்கலையே" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். இப்படிக் கேள்வி வந்தால் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் எட்டு இருபத்தெட்டை எடுத்து நீட்டுவதுதான் வழக்கம். ஐயா அதைச் செய்யவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தாயார் போன சமயம் சில மாதம் தனக்கு ஜெபமே வரவில்லை, ஞாயிறு பீடத்தில் நின்று புத்தகத்தைப் பார்த்து வாசித்ததுதான் நடந்தது, சபையார் சொன்ன ஆமென்தான் தன்னைத் தாங்கியது என்றார். பிறகு, இயேசு உயிர்த்தெழுந்ததை முதலில் நம்பாத சீடர் தோமாவைப் பற்றிச் சொன்னார். "சந்தேகப்பட்ட தோமான்னு இன்னும் அவர் பேரைக் கெடுக்கிறோம். ஆனா மயிலாப்பூர் வரைக்கும் வந்து உயிரைக் கொடுத்தது அவர்தான்னு நம்ம மரபு சொல்லுது. அன்னைக்குச் சந்தேகப்படாத மத்த பத்துச் சீடர்ல ஒருத்தரும் மயிலாப்பூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கலை." அந்த அண்ணன் இப்போது ஒவ்வொரு கூடுகைக்கும் வருகிறார். பாடமாட்டார். வருகிறார்.

பெரம்பூரில் கல்யாணப் பேச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்கிறேனே, "தடை இருந்தால் அறிவிக்கவும்" என்கிறேனே, எத்தனை பவுன் பேசினார்கள் என்று தெரிந்தவர்கள் இந்தச் சபையில் ஒருவராவது எழுந்து நின்றதுண்டா என்று ஐயா கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்லவேளை பஜ்ஜி வந்தது. போகும்போது இரண்டு பேர் தனியாக அவரிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

நவம்பர் கடைசி சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் மழை, கூடுகை ரத்து. ஊறவைத்த பருப்பை என்ன செய்வது என்று அந்த வீட்டார் வடை சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செலவைச் சங்கத்திடம் கேட்கவும் இல்லை. டீச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் கெட்ட குமாரன் உவமையை எடுத்து, சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்து தகப்பனிடம் விருந்து பெற்ற இளையவனை விட்டுவிட்டு மூத்தவனைப் பற்றி மட்டும் ஐயா பேசினார். அவன் வீட்டை விட்டுப் போகவே இல்லை, எல்லா வேலையும் செய்தான், கணக்கு வைத்திருந்தான், ஆனால் விருந்துக்குள் நுழையாமல் வாசலில் நின்றான், தகப்பன் அவனுக்காகவும் வெளியே வந்தார் என்றார். இது செயலாளரைப் பார்த்துச் சொன்னது என்று சிலர் சிரித்தார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருவர் கணக்கு வைத்துத்தானே ஆகவேண்டும்.

கணக்கு என்றதும் வருகைப் பதிவேட்டைச் சொல்கிறேன். பதிவேட்டில் உள்ள பெயர்களில் பாதிப் பேர் ஒரு கூடுகைக்கும் வரவில்லை. மணலியிலும் துறைமுகத்திலும் ஷிப்ட் பார்க்கிறவர்களைச் சொல்லவில்லை. வாடகை கட்டுபடியாகாமல் மீஞ்சூர், பொன்னேரி, மாதவரம் என்று போனவர்களையும் சொல்லவில்லை, அவர்களில் சிலர் எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு பாதிக் கூட்டத்துக்காவது வந்து நின்றார்கள். நான் சொல்வது சபையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்துகொண்டு, "யூடியூபில் பார்த்துக்கறோம் பிரதர்" என்கிறவர்களை. கொரோனா சமயத்தில் வேறு வழியில்லை, பார்த்தோம். இப்போதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பதற்கு என்ன பெயர்?

எபிரெயர் 10:25ஐ, "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்பதை, பெரிய எழுத்தில் அச்சடித்து நோட்டீஸ் பலகையில் ஒட்டலாம் என்று ஐயாவிடம் கேட்டேன். "ஒட்டுங்க. அதுக்கு முந்தின வசனத்தையும் சேர்த்து ஒட்டுங்க, ஒருவரையொருவர் கவனித்துன்னு அங்கே இருக்கு, வராதவங்களை நாம கவனிச்சோமா?" என்றார். அதற்குப் பிறகு வராதவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். சிலர் வந்தார்கள். சிலர் என் நம்பரைப் பார்த்ததும் எடுப்பதில்லை, அது எனக்கும் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், முந்தைய ஆண்டுக் கையிருப்பிலிருந்து எடுத்துச் சமாளித்தோம், ஏலப் பணம் கைகொடுத்தது, ஒன்றிரண்டு ரசீது இன்னும் வரவேண்டியிருக்கிறது. வீட்டுக் கூடுகையில்தான் பணம் கரைந்தது என்பது சரியல்ல. டீ, பலகாரம் பெரும்பாலும் அந்தந்த வீட்டார் போட்டது. சங்கம் கொடுத்தது வயதானவர்களை அழைத்துவர ஆட்டோவுக்கும் பாட்டுத் தாள் ஜெராக்ஸுக்கும்தான். அந்தப் பணத்தில் ஹாலுக்கு ஏசி போட்டிருக்கலாம் என்கிறவர்களுக்குப் பதில்: அந்தப் பணத்தில் ஏசியின் ரிமோட்கூட வராது.

சந்தா மாதம் ஐம்பது ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக்கிடக்கிறது, அந்தத் தொழிலில் உள்ள நம் தம்பிமார் தடை தொடங்குமுன்பே வருடச் சந்தாவைக் கட்டிவிட்டார்கள். மாதா மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள்தான் பாக்கி. பெயர் வாசிக்க வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார், வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி ஐயா ஒரு கூடுகையில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸ் ஐயர் 1742இல் சென்னைக்கு வந்து 1791இல் இங்கேயே இறந்தவர், வேப்பேரியில் ஊழியம், தமிழ் வேதாகமத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் பிறர் பணத்தை வாங்கி வெளியே கடனுக்கு விட்டு, அது திரும்பாமல் போய், வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். பக்தியில் குறைவில்லை, கணக்கைப் பார்க்க ஆள் இல்லை என்றார் ஐயா. அதனால்தான் நானும் பொருளாளரும் ரசீது ரசீது என்று உயிரை வாங்குகிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆயர் ஐயாவுக்கும் ஆயரம்மாவுக்கும், சபைக் கமிட்டிக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும், கொயருக்கும், ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய வாலிபத் தம்பிகளுக்கும், வீட்டைத் திறந்துவிட்ட குடும்பங்களுக்கும், எனக்கு ஒத்துழைத்தவர்களுக்கும், ஒத்துழைக்காவிட்டாலும் தடுக்காமல் இருந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த வருடத்தைப் பற்றி. ஐயாவுக்கு மாற்றல் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வந்தால் புது ஆயர் வருவார், அவருக்கு வீட்டுக் கூடுகை பிடிக்குமோ பிடிக்காதோ. ஐயாவிடம் கேட்டதற்கு, "நான் போனா நின்னுடும்னா அது என் கூட்டம் பிரதர், உங்க ஐக்கியம் இல்லை" என்றார். யார் பேசுகிறார் என்பதைவிட யார் வீட்டில் கூடுகிறோம் என்பதுதான் இதில் விஷயம், ஆகவே ஆயர் வந்து சேரத் தாமதமானாலும் ஜூன் கடைசி சனிக்கிழமை கூடுகை உண்டு. வீடு இன்னும் முடிவாகவில்லை. மாடி வீடு, சின்ன வீடு, மின்விசிறி இல்லாத வீடு எதுவும் பரவாயில்லை. சிலருக்குப் பெரிய ஹால் இருக்கிறது, காரும் நிறுத்தலாம், அவர்களாக முன்வருவார்கள் என்று ஒரு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் பொறுப்பைப் பொறுத்தவரை நான் தொடர்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மனுப் படிவம் பொருளாளரிடம் கிடைக்கும். மனு போடுகிறவர் சந்தா பாக்கி இல்லாதவராக இருக்கவேண்டும் என்பது நம் சங்க விதி, அதை ஞாபகப்படுத்துகிறேன். பாக்கியை இன்று சாப்பாட்டுக்கு முன் கோவிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் கட்டலாம், ஜிபேயும் உண்டு, ரசீது கையோடு தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
ஆண்கள் ஐக்கிய சங்கம்