அம்மாவின் ஊர் எது? கலைச்சொல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் படிவங்கள் தயாரிப்பவர்களுக்கும், கலைச்சொல் பட்டியல் தொகுப்பவர்களுக்கும், மென்பொருளைத் தமிழாக்கும் தன்னார்வ நண்பர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். பன்னிரண்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. கைபேசிச் செயலி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், வங்கியிலிருந்து வரும் கடிதம் என்று எல்லாமே செய்திருக்கிறேன். நீங்கள் தொகுத்துத் தரும் பட்டியல்கள் இல்லாவிட்டால் பாதி நாள் திண்டாடியிருப்பேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்கு நேரே ‘பூர்வீகம், பூர்வீக’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்த வரி.

போன ஜூன் மாதம் என் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். அம்மாவும் கூட வந்திருந்தார். படிவத்தில் ஆங்கிலத்தில் ‘நேட்டிவ் பிளேஸ்’, அதற்குக் கீழே தமிழில் ‘பூர்வீகம்’. எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அம்மாதான் பதில் சொல்லுவார். ‘கோத்தகிரி’ என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “அது இப்ப இருக்கிற ஊரும்மா. நான் பூர்வீகத்தைக் கேக்கிறேன். தாத்தா, பாட்டன் ஊரு.” அம்மா என்னைப் பார்த்தார். பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரே படிவத்தை வாங்கி ‘இலங்கை’ என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, “அம்பது வருசம் ஆச்சு, இன்னும் எங்கேருந்து வந்தேன்னுதான் கேக்கிறாங்க” என்றார்.

அம்மா பிறந்தது 1962இல், இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தாத்தா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். ஆனால் தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர். அந்த ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அப்பா இந்த நாட்டில் பிறந்தவரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தவர்களா என்று கேட்டது. தோட்டத்துக்காரர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அம்மாவின் குடும்பம் 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலையேறியது. அம்மாவுக்கு அப்போது பதினோரு வயது. கையில் இருந்த அட்டையில் அவர்களை அரசு எப்படி அழைத்தது தெரியுமா? ‘தாயகம் திரும்பியோர்’. அம்மா ஒருநாளும் ‘திரும்பினோம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘சிலோன்லேருந்து வந்தோம்’ என்றுதான் சொல்வார். பார்த்தே இராத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் இந்தச் சொல்லைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். மற்ற மொழிகள் ‘இந்த இடத்துக்காரர்’ என்பதை எதில் கட்டி வைத்திருக்கின்றன என்று பார்த்தேன். ஒரே கயிற்றில் எல்லோரும் கட்டவில்லை.

ஆங்கிலத்தின் ‘நேட்டிவ்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘பிறப்பது’ என்பதுதான் வேர். ‘நேஷன்’, ‘நேச்சர்’ இரண்டும் அதே வயிற்றுப் பிள்ளைகள். இடைக்கால இங்கிலாந்தில் ‘நேட்டிவஸ்’ என்றால் பண்ணையடிமையாகவே பிறந்தவன் என்று சட்டத்தில் பொருள் இருந்தது. அப்புறம் அந்தச் சொல் கப்பலேறி இங்கே வந்தது. கும்பெனிப் படையில் நம்மவர்களை வைத்து நடத்திய பட்டாளத்துக்கு ‘மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி’ என்று பெயர். ஆள்பவன் வேறு, நேட்டிவ் வேறு. பின்னாளில் நம்மவர்கள் ‘சுதேசி’ என்ற சொல்லை எடுத்துத் தலைநிமிர வைத்தார்கள். வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதன் பெயரிலேயே ‘சுதேசி’ இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ‘ஆந்திழேன்’ என்ற சொல்லுக்கு ‘உள்ளே பிறந்தவர்’ என்றுதான் மூலப்பொருள். 1881இல் அல்ஜீரியாவில் அந்தப் பெயரிலேயே தனிச் சட்டம் போட்டு, அந்த மண்ணின் மக்களைத் தனியாகத் தண்டித்தார்கள். அந்தக் கறை போகவில்லை. இன்றைக்குப் பிரெஞ்சில் மனிதர்களைச் சொல்ல ‘மண்ணிலிருந்தே முளைத்தவர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறப்பைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நியூசிலாந்தின் மாவோரி மொழிக்கு வந்தபோது படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மண்ணின் மக்களை அவர்கள் ‘தாங்கட்டா ஃபெனுவா’ என்கிறார்கள். ‘தாங்கட்டா’ என்றால் மக்கள். ‘ஃபெனுவா’ என்றால் நிலம். அதே ‘ஃபெனுவா’வுக்கு நஞ்சுக்கொடி என்றும் பொருள். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தங்கள் நிலத்தில் கொண்டுபோய்ப் புதைப்பது அவர்கள் வழக்கம். ‘மாவோரி’ என்ற சொல்லுக்கே முதலில் ‘சாதாரணமான, இயல்பான’ என்றுதான் பொருள். நல்ல தண்ணீரை இப்போதும் ‘வாய் மாவோரி’ என்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் வந்து இறங்கும்வரை அவர்கள் வெறும் மனிதர்கள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஜப்பானின் வடக்கே வாழும் ஐனு மக்களின் பெயருக்கும் மனிதர் என்றுதான் பொருள்.

அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, உயிரோடு இருந்தபோது ஒரு கதை சொல்லுவார். அம்மா பிறந்த அன்றைக்கு மழை. லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் குழி தோண்டி, நஞ்சுக்கொடியைப் போட்டு மூடி, நாய் தோண்டாமல் இருக்க மேலே ஒரு பலகைக் கல்லை வைத்தார்களாம். கல்லைத் தூக்கி வந்தது தாத்தா. அம்மாவின் ‘ஃபெனுவா’ அங்கே இருக்கிறது. மாவோரிக்காரர் ஒருவரிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் யோசிக்காமல் ஹட்டன் என்று எழுதியிருப்பார்.

ஹவாய் மொழியில் வேறு கணக்கு. அங்கே மண்ணின் மக்களைச் சொல்லும் ‘ஓஇவி’ என்ற சொல்லுக்குள் இருப்பது எலும்பு. முன்னோரின் எலும்பு எங்கே இருக்கிறதோ அதுதான் உன் இடம். அம்மாயியையும் தாத்தாவையும் கோத்தகிரியில்தான் அடக்கம் செய்தோம். அந்தக் கணக்கில் அம்மா கோத்தகிரிக்காரர்.

சுவாஹிலியில் ‘ம்வென்யேஜி’ என்று ஒரு சொல் இருக்கிறது. பிரித்தால் ‘ஊரை உடையவர்’. உள்ளூர்க்காரருக்கும் அதுதான், விருந்தினரை வரவேற்று உபசரிக்கிறவருக்கும் அதுதான். வந்தவரை ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவருடைய ஊர் அது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். எங்கள் தெருவுக்கு வாடகைக்குக் குடிவரும் எந்தக் குடும்பத்துக்கும் முதல் நாள் தேநீர் அம்மாவிடமிருந்துதான் போகும். எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள், எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

துருக்கியில் ‘இடத்துக்காரர்’, ரஷ்யனில் ‘வேருள்ளவர்’ என்ற கருத்து. பாஸ்க் மக்கள் தங்களை ‘பாஸ்க் மொழியை உடையவர்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். பிறகு வந்து மொழியைக் கற்றவரைப் ‘புதிய’ பாஸ்க் மொழிக்காரர் என்பார்கள், ஆனால் அவருக்கும் அதே சொல்தான். வேல்ஸ்காரர்கள் கதை வேறு மாதிரி. தங்களை அவர்கள் அழைக்கும் பெயருக்கு ‘ஒரே நாட்டார்’ என்று பொருள். உலகம் அழைக்கும் ‘வெல்ஷ்’ என்ற பெயரோ, பின்னால் வந்த ஆங்கிலேயர் வைத்தது. அதன் பொருள் ‘அந்நியர்’. சொந்த மண்ணிலேயே அந்நியர் என்று பெயர்.

இங்கே பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான கதை இருக்கிறது. நீலகிரியின் படகர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் மைசூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள். ‘படகர்’ என்றாலே ‘வடக்கர்’ என்றுதான் பொருள். வடக்கிலிருந்து வந்தவர் என்ற பெயரோடேயே அவர்கள் இந்த மலைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அம்மாவின் ஆட்களை இலங்கையில் ‘வடக்கத்தியான்’ என்று திட்டினார்கள். ஒரே திசையைச் சொல்லும் இரண்டு பெயர். எங்கள் எதிர்வீட்டுப் படகர் ஆயாவுக்கு அது ஊர் கொடுத்தது, எங்கள் தாத்தாவுக்கு ஊரைப் பறித்தது.

சரி, நம் தமிழுக்கு வருவோம். நாம் ‘நேட்டிவ்’வுக்குச் சொல் இல்லாதவர்களா? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ‘எந்த ஊர்?’ என்று கேட்கிறார். ‘சொந்த ஊர்’ என்கிறோம். சொந்தம் என்றால் உடைமையும்தான், உறவும்தான். சுவாஹிலிக்காரர் கண்டால் மகிழ்ந்துபோவார். ‘தாய்மொழி’ இருக்கிறது, ‘குடி’ இருக்கிறது, ‘மண்’ இருக்கிறது. ‘நாட்டு’ இருக்கிறது: நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டு மருந்து. இதில் ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் ‘நாட்டுத் தக்காளி’ கேட்டு வாங்குகிறோம். தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஆனாலும் நம் மண்ணில் பழகி, நம் புளிப்புக்கு வந்துவிட்டால் அது நாட்டுத் தக்காளிதான். அதன் பாட்டன் ஊரை யாரும் கேட்பதில்லை. தக்காளிக்கு இவ்வளவு தாராளமாக இருக்கும் மொழியில், மனிதருக்கு மட்டும் ஏன் பூர்வீகம்?

‘பூர்வீகம்’ கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. முன்னோர் வழியைக் கேட்க வேண்டிய இடத்தில் அது சரியான சொல். பூர்வீகச் சொத்து என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் அதற்குப் பின்னோக்கித்தான் பார்க்கத் தெரியும். எல்லா இடத்திலும் அதையே போட்டால் என்ன ஆகிறது? ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்பது ‘பூர்வீகப் பேச்சாளர்’ என்று என் மேசைக்கு வருகிறது. தமிழில் பேச்சாளர் என்றால் மேடையில் பேசுகிறவர். ‘தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்’ என்று எழுத என்ன தடை? ரஷ்யர்கள் ‘மொழியைச் சுமப்பவர்’ என்கிறார்கள். வீட்டில் படகர் மொழியும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த என் தோழிக்கு ‘சின்ன வயதிலிருந்தே தமிழ் பேசுகிறவர்’ என்பதுதான் பொருந்தும். மென்பொருளில் வரும் ‘நேட்டிவ் ஆப்’புக்கு முன்னோரும் இல்லை, ஊரும் இல்லை. அந்த வகைக் கைபேசிக்கென்றே எழுதிய செயலி, அவ்வளவுதான். செடிகொடிகளைப் பற்றி எழுதும்போது ‘இந்த மண்ணுக்குரிய மரம்’ என்று விரித்தே எழுதிவிடலாம். எங்கள் மலையைச் சுற்றி நிற்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, அவற்றால் சோலையும் புல்வெளியும் சுருங்கின. அங்கே எது எங்கிருந்து வந்தது என்று கறாராகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கறார் மரத்துக்குத் தேவை. பள்ளிக்கூடப் படிவத்துக்குத் தேவையில்லை.

படிவம் தயாரிப்பவர்களுக்கு: உங்களுக்கு உண்மையில் எது தேவையோ அதைக் கேளுங்கள். பிறந்த இடம் வேண்டுமென்றால் ‘பிறந்த ஊர்’. முகவரி வேண்டுமென்றால் முகவரி. வேறு எதுவும் இல்லை, வழக்கமாகக் கேட்பதால் கேட்கிறோம் என்றால் ‘சொந்த ஊர்’ என்று போட்டுவிட்டு, அவர் எதைச் சொல்கிறாரோ அதை எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள்.

மக்களுக்குப் பெயர் வைக்கும் இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். தைவானின் அரசியல் சட்டத்தில் அங்கே முதலில் வாழ்ந்த மக்களை ‘மலை உடன்பிறப்புகள்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் போராடி 1994இல் ‘முதலில் குடியிருந்தோர்’ என்று மாற்ற வைத்தார்கள். நம் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, தம் மக்களைச் சொல்லும் ‘வனஜாதி’ என்ற மொழிபெயர்ப்பை எதிர்த்து, ‘ஆதிவாசி’ என்ற சொல்லுக்காக வாதாடினார். கூடலூரில் சிலர் தங்களை ஆதிவாசி என்கிறார்கள். வேறு இடத்தில் பழங்குடி என்கிறார்கள். பட்டியலில் சேர்க்கும் முன் அவர்களிடமே கேட்கலாம். சொல் சட்டமாகவும் மாறிவிடும் என்பதை மலேசியத் தமிழர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ‘பூமிபுத்ரா’ என்றால் மண்ணின் மைந்தர். பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத்துத் தமிழர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்.

என் பங்குக்கு, வேலையில் இந்தச் சொல் வந்த இடங்களையெல்லாம், எந்த இடத்துக்கு எந்தத் தமிழ் பொருந்தியது என்பதோடு சேர்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். வெட்டலாம், ஒட்டலாம், திருத்தலாம்.

அடுத்த மாதம் மகளுக்கு இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. இந்தத் தடவையும் அம்மாவையே கூட்டிக்கொண்டு போகிறேன். கோத்தகிரி என்றுதான் சொல்வாராம். நேற்றே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்