குற்றவாளி முன்பே கதைக்குள் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வந்துகொண்டிருந்த மர்மத் தொடர் சென்ற வாரம் முடிந்தது. கொட்டாஞ்சேனை மாடிவீட்டுக் கொலையை ஒரு வாரமும் தவறவிடாமல் வாசித்து வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். முடிவு பெரும் ஏமாற்றம். அதுவரை பேச்சுக்குக்கூட அடிபடாத ஒரு தம்பி கனடாவிலிருந்து வந்திறங்குகிறார், அவரே கொலைகாரர் என்கிறார் கதாசிரியர். இதை எந்த வாசகரால் ஊகித்திருக்க முடியும்?

ஊகிக்க முடியாமல் செய்வதுதானே மர்மக் கதை என்று சிலர் கேட்கலாம். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வேண்டியதை எல்லாம் வாசகர் கையில் தந்துவிட்டு, அவர் கவனத்தை வேறு பக்கம் திருப்புவதில்தான் திறமை இருக்கிறது. துப்பறியும் கதைகள் எழுதிய ஆங்கிலேயப் பாதிரியார் ரொனால்ட் நொக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவதே, குற்றவாளி கதையின் முற்பகுதியில் தலைகாட்டியிருக்க வேண்டும் என்பதுதான்.

வருத்தம் என்னவென்றால், நம் கதாசிரியரிடம் சரக்கு இருந்தது. முழங்கால் வருத்தம், மாடிப்படி ஏற முடியாது என்று வாரந்தோறும் புலம்புகிறவர் அந்த வீட்டுப் பெரியம்மா. ஆறாம் அத்தியாயத்தில் அவர் தனித்திருந்த பகலில், மொட்டைமாடிக் கொடியில் அவருடைய சேலை காய்கிறது. மழை இருட்டிக்கொண்டு வரும் வர்ணனைக்கு நடுவே ஒரே ஒரு வரி. அடுத்த பத்தியிலேயே, வாடகைக்கு இருக்கும் முன்கோபக்கார இளைஞன் அடகுச் சீட்டை அவசரமாக மறைக்கிறான். நம் சந்தேகம் முழுவதும் அவன் பின்னால் ஓடிவிடுகிறது. எவ்வளவு அழகான வேலை! சேலையைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் சேலைக்கும் விளக்கமில்லை, சீட்டுக்கும் விளக்கமில்லை.

திசைதிருப்பும் தடயத்துக்கும் அதற்குரிய நியாயம் வேண்டும். அந்த இளைஞன் எதை, யாருக்காக அடகு வைத்தான்? ஏன் மறைத்தான்? அது தெரிந்திருந்தால், சந்தேகம் விலகும் இடத்தில் அவன்மேல் இரக்கம் பிறந்திருக்கும். அவன் ஓர் ஆளாக மனதில் நின்றிருப்பான்.

வாரத் தொடரில் இதற்கெல்லாம் இடமேது என்றும் சொல்ல முடியாது. கல்கி 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வனும் வாரத் தொடர்தான். ஆதித்த கரிகாலன் சாகும் இரவில் கடம்பூர் மாளிகைக்கு நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும் இரவிதாசனும் திடீரென முளைத்து வரவில்லை. ஒவ்வொருவரின் வஞ்சத்தையும் ஆற்றாமையையும் பல நூறு பக்கங்களாக நமக்குப் பழக்கிவிட்டுத்தான் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். பழி வந்து விழுவதோ நம் அன்புக்குரிய வந்தியத்தேவன் மேல். கொன்றது யார் என்று கல்கி திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் ஏமாற்றிவிட்டதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொழும்பிலும் வாசகர்கள் இருவர் சேர்ந்தால் இன்றைக்கும் அதைப்பற்றி வாதாடுகிறார்கள்.

தொடர் நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் கதாசிரியர் கடைசி இரண்டு அத்தியாயங்களை மாற்றி எழுத வேண்டுமென்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். கனடாத் தம்பி வேண்டாம். பெரியம்மா அன்று மாடிக்கு ஏன் ஏறினார் என்று எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.