கை வைக்காதே, செல்வி

லெஸ்டர், இங்கிலாந்து,
மார்கழி

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் பிள்ளையும் நல்ல சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா என்று எழுது. இந்த ஊரில் இப்போது சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் தெருவிளக்கு எரிகிறது, திரும்பும்போதும் எரிகிறது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் தோல் வறண்டு உதடு வெடித்துப்போகிறது. நான் கவுன்டரில் நிற்கும் மருந்துக்கடையில் குளிர்காலம் முழுக்கத் தோலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். மூக்கு ஓரத்துப் பரு அப்படி வீங்கிப் போயிருக்கிறதே, கண்ணு. தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்ற கவலையில் நோண்டியிருக்கிறாய் என்று புரிகிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இனி அதில் கை வைக்காதே. நகம், ஊசி, ஹேர்பின் எதுவும் வேண்டாம். மயிர்க்காலுக்குள் எண்ணெயும் செத்த தோலும் அடைத்துக்கொண்டு, அங்கே கிருமி பெருகினால் பரு வருகிறது. நாம் வெளிப்பக்கமாகப் பிதுக்குவதாக நினைக்கிறோம். ஆனால் மயிர்க்காலின் சுவர் உள்ளே கிழிந்து, அடைத்திருந்தது எல்லாம் தோலுக்கு அடியில் கொட்டிவிடுகிறது. உடம்பு அதை எதிர்ப்பதால்தான் இந்தச் சிவப்பு, சூடு, விண்விண்ணென்ற தெறிப்பு எல்லாம். வீங்கியிருப்பது முழுக்கச் சீழ் என்று நினைக்காதே. எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் வராமல் வலி மட்டும் கூடுவது அதனால்தான்.

இன்றைக்கு ராத்திரி கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முகத்தைக் காரமில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவு. தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடு. அப்புறம் ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, அஞ்சு நிமிஷம் போல வை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்காதே, அதுவே சுட்டுவிடும். வலியும் வீக்கமும் இதிலேயே நன்றாகக் குறையும். தோல் உரிந்த இடத்தில் வாசலினைக் கொஞ்சமாகத் தடவி வை. காய்ந்து பொருக்கு கட்டவிடாமல் ஈரமாக வைத்திருந்தால் புண் சீக்கிரம் ஆறும், மறுபடி கிள்ளவும் தோன்றாது. உரிந்த தோல் மூடினபிறகும் உள்ளே கட்டி மாதிரி தட்டுப்பட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து பத்து நிமிஷம் ஒத்தடம் கொடு. ஒரு நாளைக்கு மூணு தடவை கொடுக்கலாம்.

மருந்து என்றால் பென்சாயில் பெராக்சைடு ஜெல். 2.5 சதவீதம் என்று கேட்டு வாங்கு, அதுவே போதும். தோல் மூடின பிறகு, ராத்திரி மட்டும், பரு இருக்கிற இடத்தில் மெல்லிசாகப் போடு. முதல் சில நாள் கொஞ்சம் எரியும், செதில் உரியும். துணியில் பட்டால் சாயம் போய்விடும், அதனால் தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக்கொள். பட்டுச்சேலை பக்கம் அந்தக் கையோடு போகவே போகாதே.

அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொல்வாள். இல்லாவிட்டால் பற்பசை. இரண்டும் வேண்டாம். சுண்ணாம்பு புண்ணான தோலை அரித்துவிடும். பற்பசை பல்லுக்காகச் செய்தது, தோலில் போட்டால் எரிச்சல்தான் கூடும். ஜாதிக்காய், சந்தனம் எல்லாம் தோல் உரிந்திருக்கும்போது தள்ளியே இருக்கட்டும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் அம்மா வாங்கி வைத்திருக்கும் அந்தக் கிரீம்தான். மெடிக்கலில் 'பருவுக்கு' என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்களாமே. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்துப் பார். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, போடவே போடாதே.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், போன மாதம் கடைக்கு ஒரு மாணவன் வந்தான். ஆந்திராப் பக்கத்துப் பையன், பெயர் சொல்லக் கூடாது, இங்கே அந்த விஷயத்தில் கட்டுப்பாடு அதிகம். கழுத்துத்துணியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். எங்கள் மருந்தாளுநர் அம்மா அவனைக் கவுன்டரில் நிற்க வைத்துக் கேட்காமல் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்த ஊர் மருந்துக்கடைகளில் இப்படித் தனியாகப் பேச ஓர் அறை இருக்கும். பையன் சம்மதித்ததால் நானும் கூட நின்றேன். துணியை எடுத்தால் கன்னம் முழுக்கச் சிவந்து, தோல் மெலிந்து, சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வெளியே தெரிகிறது, ஓரத்தில் பூனைமுடி வளர்ந்திருக்கிறது. ஒரு பருவைக் கிள்ளி வீங்கியதற்கு ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கிரீமைப் போட்டிருக்கிறான். இரண்டே நாளில் வீக்கம் வற்றிவிட்டது. சந்தோஷத்தில் தொடர்ந்து போட்டிருக்கிறான். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வந்திருக்கிறது, மறுபடி போட்டிருக்கிறான். மருந்தாளுநர் அம்மா டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். திட்டவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உன் தப்பில்லை, ஆனால் இதை டாக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்" என்று சொல்லி டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பையன் கண் கலங்கிவிட்டது.

ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிடும், அவ்வளவுதான். வீக்கம் வற்றும், கிருமி உள்ளேயே இருக்கும். பெட்டாமெத்தசோன் கிரீம் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுப்போம், அதுவும் "முகத்துக்கா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் விற்க மாட்டோம். நம் நாட்டிலும் 2018-ல் இந்த மாதிரிக் கிரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த மருந்தாளுநர் அம்மா குஜராத்தி. 1972-ல் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் அங்கிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது அவருடைய அப்பா அம்மா இங்கே வந்தார்கள். 'லெஸ்டருக்கு வராதீர்கள்' என்று அப்போது இந்த ஊர் நகராட்சி உகாண்டாப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. இன்றைக்கு பெல்கிரேவ் ரோட்டில் நடந்தால் சேலைக்கடை, நகைக்கடை, மிட்டாய்க்கடை என்று கண் கொள்ளாது. எனக்கு ஊர் ஏக்கம் வரும்போது அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன்.

இங்கே டாக்டரைப் பார்ப்பதுதான் பெரிய பாடு. காலையில் எட்டு மணிக்கு போன் போட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். தோல் டாக்டரிடம் அரசுச் செலவில் நேராகப் போகவே முடியாது. குடும்ப டாக்டர் எழுதி அனுப்ப வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்பு. காசு வாங்காமல் பார்க்கிறார்கள், அது பெரிய விஷயம்தான், ஆனால் நாள் ஆகும். உனக்குக் கோவில்பட்டியில் சாயங்காலம் டோக்கன் போட்டால் அன்றைக்கே தோல் டாக்டரைப் பார்த்துவிடலாம். அந்த வசதி இருக்கும்போது மெடிக்கலில் கேட்டு மருந்து போடாதே. நாலைந்து நாளில் வற்றவில்லை என்றால் போய்க் காட்டு. நிச்சயதார்த்தம் இருக்கிறது என்று சொல். கட்டி ஆழமாக இருந்தால் அதற்குள்ளேயே துளியூண்டு ஊசி போட்டுச் சில நாளில் அமுக்கிவிடுவார்கள். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு டாக்டர் கையில் இருக்கும். அளவு கூடினால் பள்ளம் விழும் என்பதால் தெரிந்தவர்தான் போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயப்படாதே. மூக்கு ஓரம், மேலுதடு, அந்த முக்கோண இடத்தின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் போய்ச் சேர்கின்றன. அங்கே வந்த சீழ் உள்ளே பரவுவது ரொம்ப அபூர்வம். ஆனால் காய்ச்சல் அடித்தாலோ, வீக்கம் கண் வரைக்கும் ஏறினாலோ, தாங்க முடியாத தலைவலியோ பார்வை இரட்டையாகத் தெரிவதோ இருந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடு. எனக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

வீக்கம் வற்றினதும் அந்த இடம் கறுத்துப்போகும். நம் நிறத்துக்கு அது சகஜம், மறையச் சில மாதம் ஆகலாம். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், அதனால் வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடு. பார்லரில் ஃபேஷியல், பிளீச் இப்போது வேண்டாம். தோல் நன்றாக மூடியிருந்தால் அன்றைக்கு மேக்கப் போடுகிற பெண்ணே அதை மறைத்துவிடுவாள். மாப்பிள்ளை உன்னைப் பார்த்துப் பேசிப் பிடித்துத்தானே சரி என்றார்? ஒரு பருவுக்காக நீ சாப்பிடாமல் கிடப்பதைக் கேட்டு எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

அப்புறம், அந்த டியூபை அம்மா அலமாரியில் வைத்திருந்தால் எடுத்துவிடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் படர்தாமரை என்று போன தடவை அம்மா சொன்னாள். பாசத்தில் இதைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறாள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு போட்டால் அது இன்னும் பரவக்கூடும். அந்தப் பிள்ளையையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்.

அன்புடன்,
அக்கா