சரவணனிடம் இதைச் சொல்லு

கொழிஞ்சாம்பாறை, கேரளம்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. வாத்தியார் குடையை நீ இன்னும் திருப்பித் தரவில்லை, மறந்துவிடாதே.

சரவணன் நில புரோக்கர் வேலையில் இறங்கிவிட்டானாமே? பொள்ளாச்சிச் சந்தையில் சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். போன வருஷம் மருமகனுக்காக ஒரு லேஅவுட்டில் 10 சென்ட் சைட் பேசி, 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். புரோக்கர் காட்டிய ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், 'நிலம்' என்று இருந்தது. நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தானே! கேரளக் கணக்கில் நிலம் என்றால் வயல்; வீடு கட்டுகிற மண் 'புரயிடம்'. 2008-ஆம் ஆண்டு வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலை நினைத்தபடி நிரப்ப முடியாது. பணம் இன்னும் திரும்பவில்லை. விசாரித்தால் அந்த லேஅவுட்டுக்கும் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு இல்லை, அந்த புரோக்கருக்கும் இல்லை.

நம் காலத்தில் புரோக்கருக்கு டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ், கேட்பார் கிடையாது. 2013-இல் மாநிலங்களவைக்கு வந்த ரியல் எஸ்டேட் மசோதா 2016 மார்ச்சில்தான் நிறைவேறியது. வீடு கட்டி விற்பவர்களோடு புரோக்கர்களையும் அதில் சேர்த்தார்கள். 2017 மே 1 முதல் முழுதாக அமலுக்கு வந்தது. கேரளத்தில் இந்தப் பதிவைக் கவனிக்கிற ஆணையம் வேலை தொடங்கியது 2020 ஜனவரியில்.

சரவணன் கவனிக்க வேண்டியது இதுதான். 500 சதுர மீட்டருக்கு, அதாவது 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போகிற லேஅவுட் எதுவானாலும் பதிவு வேண்டும். அதில் சைட் விற்றுக் கொடுக்க அவனுக்கும் பதிவு வேண்டும். முடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு விற்பனையிலும் அவன் பதிவு எண் இருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சைட் விலையில் 5 சதவீதம் வரை ஏறும். தமிழ்நாட்டுப் பதிவு கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் செல்லாது; இந்தப் பக்கம் தொழில் செய்யக் கேரளப் பதிவு தனி.

ஒருவர் தன் பழைய வீட்டையோ தென்னந்தோப்பையோ விற்றால் மட்டும் இந்தச் சட்டம் எட்டாது. நம் எல்லையில் கைமாறுவது பெரும்பாலும் தோப்புதானே? அங்கே புரோக்கரின் வாக்கை நம்பித்தான் ஜனங்கள் பணம் கொடுக்கிறார்கள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை, இன்னொரு குடும்பத்துக்கு இப்படிச் செய்துவிடக் கூடாது.

வரும் வாரம் ஒரு வேலை நாளில் அவனை அனுப்பு. வில்லேஜ் ஆபீசுக்குக் கூட்டிப் போய், வயல் டேட்டா பேங்கில், அதாவது எவையெல்லாம் வயல் என்ற பட்டியலில், சர்வே நம்பர் பார்ப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன். மதியச் சாப்பாடு இங்கேதான்.

உன்
சுப்பு