கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பற்றி

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. புதன்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் ஆங்கில வகுப்பில் நீ பேசக் கூப்பிட்ட பெண் மைக்கைப் பிடித்து 'ஐ' என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள், வகுப்பு சிரித்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்றாய். "அடிப்படை கிராமரே இல்லப்பா, எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. 31 வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் கற்றதை உனக்கு எழுதித்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

முதலில் நான் செய்த ஒரு தப்பு. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இரண்டாம் வருஷ வகுப்பில் ஒரு பையன், கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன், தானாகவே கையைத் தூக்கிப் பேச வந்தான். 'டுடே வீ வில் டிஸ்கஸ் அபவுட்' என்று ஆரம்பித்தான். நான் அங்கேயே நிறுத்தி, 'டிஸ்கஸ்' என்றால் போதும், 'அபவுட்' வராது என்றேன். திருத்திச் சொன்னான். அடுத்த வாக்கியத்தில் மறுபடி நிறுத்தினேன். மூன்றாவது வாக்கியத்தில் பாதியிலேயே அவன் நின்று என் முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து அவனை ஒரு டிராக்டர் கடையில் பார்த்தேன். பத்துப் பதினைந்து விவசாயிகள் சுற்றி நிற்க, ஒரு புது வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தி அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. நான் சொல்லிக்கொடுக்க நினைத்த பேச்சு அவனிடம் முதலிலேயே இருந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்று நாற்காலி போட்டான். எனக்குத்தான் உட்கார மனசு வரவில்லை.

ஆகவே, பிள்ளைகள் பேசும்போது திருத்தாதே. கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள். முதலில் நன்றாக வந்த ஒன்று, அதன் கீழே திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று. பேசி முடித்ததும் சீட்டை அவர்கள் கையில் கொடு. வகுப்புக்கு முன்னால் படிக்காதே.

அந்தப் பெண்ணை நிறுத்தியது கிராமர் இல்லை, பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். இதை எனக்குக் காட்டியது காந்தியின் கதை. ஆரம்பத்தில் நான் பசங்களுக்கு நம் பக்கத்து ஊர் வலங்கைமானில் 1869-ல் பிறந்த சீனிவாச சாஸ்திரியைப் பற்றித்தான் சொல்வேன். இதே கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, ஆங்கிலேயரே வெள்ளி நாக்குக்காரர் என்று வியந்த பேச்சாளர் ஆனவர். உற்சாகம் வரும் என்று நினைத்துச் சொன்னேன், தலைகள் இன்னும் குனிந்தன. அப்புறம் காந்திக்கு மாறினேன். லண்டனில் சட்டம் படித்து 1891-ல் திரும்பி வந்தவர். பம்பாயில் சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டில் முதல் வழக்கு, 30 ரூபாய் பீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், பீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் எழுதி எடுத்துப்போன பேச்சைக்கூட வேறொருவர்தான் வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாதா என்ன? இதைச் சொன்ன அன்று தலைகள் நிமிர்ந்தன.

அந்தப் பெண் 'ஐ' சொல்லிவிட்டு நின்றாளே, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். 'நான் நேற்று சந்தைக்குப் போய்க் காய்கறி' வரைக்கும் சொல்லிக்கொண்டே, என்ன வினை போடலாம் என்று யோசிக்க நேரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ' சொன்ன மறு நொடி வினை வர வேண்டும். தமிழில் யோசிக்கிற பிள்ளை அந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கும். இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லு. முதல் மாதம் நாலு வார்த்தை, ஐந்து வார்த்தை வாக்கியங்கள் போதும்.

உச்சரிப்பும் இப்படித்தான். 'புக்கு', 'இஸ்கூல்' என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். தமிழில் வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடியாது, எந்த மெய்யெழுத்திலும் தொடங்காது. அந்தப் பிள்ளையின் நாக்கு தாய்மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் திருத்து, வெட்கம் இல்லாமல் திருத்திக்கொள்வார்கள். வெள்ளைக்காரர் மாதிரிப் பேசச் சொல்லாதே, அது வேண்டவே வேண்டாம். அழுத்தத்தை மட்டும் சொல்லிக்கொடு. 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'போட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில், 'போட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதில். நாம் எல்லா அசைக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை கொடுத்துப் பழகியவர்கள், அதனால்தான் நம் ஆங்கிலம் வெளியூர்க்காரர்களுக்குச் சில சமயம் புரிவதில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்ல வை.

60 பேர், 50 நிமிடம் என்று அலுத்துக்கொண்டாய். ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டால் ஒரு பருவத்தில் ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல். 30 ஜோடி ஒரே நேரத்தில் பேசும். சந்தைக்கடை மாதிரி இருக்கும், முதல்வர் எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும். அப்புறம் நாலு பேர் முன்னால், அப்புறம் உட்கார்ந்த இடத்தில் எழுந்து நின்று. மேடை கடைசி மாதம் வந்தால் போதும்.

'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்கிற அந்த மனப்பாடத்தை மட்டும் விட்டுவைக்காதே. ஒரு வார்த்தை மறந்தால் முழுதும் போய்விடும். தாளில் நாலே வார்த்தை எழுதிக்கொண்டு வரச் சொல். தலைப்பும் உலக வெப்பமயமாதல் மாதிரி வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். என்னிடம் ஒரு பையன் படித்தான், அப்பா பம்ப்செட் மெக்கானிக். மோட்டார் ஏன் எரிகிறது என்று கேட்டேன். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டு சுற்றில் மின்சாரம் கூடிச் சூடாகும், மோட்டார் உறுமும், சுற்றாது என்று எட்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொன்னான். பாதி வினை தப்பு. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, மூன்று பேர் கேள்வி கேட்டார்கள்.

அந்தப் பெண் பவானிப் பக்கம், வீட்டில் ஜமுக்காளத் தறி இருக்கிறது என்றாயே. அடுத்த வாரம் மைக் வேண்டாம். இடைவேளையில் அவள் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பட்டை பட்டையான நிறம் எப்படி வருகிறது என்று கேள். எனக்கும் தெரியாது. அவள் எந்த மொழியில் ஆரம்பித்தாலும் கேட்டுக்கொண்டே இரு. அவள் சொன்னதை எனக்கு எழுது.

அம்மா மோர் மிளகாய் காயவைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் வரும்.

அன்புடன்,
அப்பா