பின்னலை விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டுவலி பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளை ஒன்று விடாமல் படிப்பவள் நான். வயது 69. விரல்வலி என்று பேச்சு வந்துவிட்டால் எந்தக் குறிப்பிலும் கடைசியில் ஒரே வரிதான் இருக்கிறது: தையல், பின்னல் போன்ற வேலைகளைத் தவிர்க்கவும். எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. நாற்பது வருடமாக ஊசியும் கம்பளி நூலுமாக இருக்கிற எனக்கு அதைப் படித்தாலே மனசு கனத்துப் போகிறது. அதிலும் இன்னும் பத்து வாரத்தில் மகளுக்குப் பிரசவம், முதல் பேரக்குழந்தை.

எனக்கு இருப்பது இடது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். காலையில் எழுந்தால் கை விறைத்திருக்கும், ஜாடி மூடியைத் திறக்க முடியாது, ஒரு இருபது நிமிடம் போனால் இளகிவிடும். அரைமணிக்குள் இளகினால் அது பெரும்பாலும் தேய்மானம், ஒரு மணிநேரத்துக்கு மேலும் விறைப்பு நீடித்து மூட்டுகள் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு. இந்த வித்தியாசத்தை எழுதினாலே எத்தனையோ பேருக்கு உபகாரமாக இருக்கும்.

முதலில் நான் போன டாக்டர், "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்" என்று கேட்டு முடித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஊசிகளை எல்லாம் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஐந்து மாதம் தொடவில்லை. வலி போகவில்லை, விரல்கள் இன்னும் விறைத்தன, அவ்வளவுதான். பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்தான் என் கையைத் தன் கையில் வைத்துப் பார்த்து, எப்படிப் பிடித்துப் பின்னுகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி! கட்டைவிரல் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை கொடுத்தாள், விரல்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலும் அடிமூட்டுத் தேய்மானத்துக்குப் பட்டையும் பயிற்சியும் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டிருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஊசியையும் மாற்றினேன். நீளமான ஸ்டீல் ஊசியில் பின்னும்போது துணி வளர வளர அதன் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். இப்போது மூங்கில் ஊசி, இரண்டு ஊசிக்கும் நடுவில் வயர் வைத்தது. பின்னிய துணி மடியில் கிடக்கும், கையில் பாரமே இல்லை. பருத்தி நூல் இழுத்தால் கொடுக்காது, ஒவ்வொரு கண்ணிக்கும், அதாவது ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்துக்கும், விரல் மல்லுக்கட்ட வேண்டும். கம்பளி நூல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால் குழந்தைக்குக் குத்தாத மிருதுவான மெரினோ, மெஷினில் துவைக்கக்கூடியதாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். உட்காரும் முன் வெந்நீரில் கையை ஐந்து நிமிடம் வைக்கிறேன். அப்புறம் 25 நிமிடத்துக்கு அலாரம். அலாரம் அடித்தால் வரிசை நடுவில் இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும், இது ரொம்ப முக்கியம். போன மாதம் ஒருநாள் கழுத்துப்பட்டி முடிகிற ஆசையில் மூன்று மணிநேரம் எழுந்திருக்கவில்லை, அதன் பிறகு மூன்று நாள் சாவியைத் திருகக்கூட முடியவில்லை.

சரி, பத்து வாரத்தில் என்ன முடியும் என்று கணக்குப் போட்டேன். ஒரு சின்ன ஸ்வெட்டருக்குச் சுமார் 12,000 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி போடுகிறேன், காலையும் மாலையும் 25 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 1,000. பன்னிரண்டு நாள் வருகிறது, கை ஒத்துழைக்காத நாளும் பிரித்துப் போடுகிற நாளும் சேர்த்து மூன்று வாரம் வைத்துக்கொண்டேன். பிறந்த அளவுக்குப் போடவில்லை, ஆறு மாத அளவு. ஐந்தாறு மாதத்தில் பிள்ளை பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும், அதற்கேற்ற அளவில் இருந்தால்தான் நாலு நாள் போட்டுப் பார்க்க முடியும். தலைவழியே மாட்டுவது குழந்தைக்கும் தாய்க்கும் சிரமம், அதனால் முன்பக்கம் திறப்பு. கழுத்தில் நாடா கிடையாது, பட்டன்களை இழுத்துப் பார்த்து இறுக்கித் தைக்க வேண்டும், உட்பக்கம் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது. கையுறை, சாக்ஸுக்குள் தொங்குகிற ஒற்றை நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், பின்னுகிறவர்கள் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

குல்லாவும் உண்டு. பச்சிளம் குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ., பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் 30 செ.மீ. போதும், 4 மி.மீ. ஊசியில் 66 கண்ணி. உச்சியை மூட 11 கண்ணியாக ஆறு பங்கு, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஒவ்வொரு பங்கிலும் ஒரு கண்ணி குறைக்க வேண்டும். இது வெளியே போகும்போது போட மட்டும். வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம், உடம்பு சூடேறிவிடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2022-இல் சொல்லியிருக்கிறது, பிறந்த முதல் சில மணிநேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் மட்டும் விலக்கு. முதல் வருடம் தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையும் கூடாது. நான் ஆசை ஆசையாக நினைத்திருந்தது பெரிய போர்வை. அதைத் தரையில் விரித்து முழித்திருக்கும்போது விளையாட விடுகிற விரிப்பாக மாற்றிவிட்டேன். 20 செ.மீ. சதுரங்களாகப் பன்னிரண்டு பின்னிக் கடைசியில் இணைப்பதால் ஒரு நேரத்தில் கையில் இருப்பது ஒரு சாண் அகலத் துணிதான்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை விரல்வலி பற்றி எழுதும்போது, பின்னுகிற ஒருவரையும் கைக்குப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் கேட்டு எழுதுங்கள். எந்த ஊசி, எவ்வளவு நேரம், எந்த வலி வந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று விவரமாகப் போடுங்கள். அலமாரி மேல்தட்டில் ஊசியைச் சுற்றி வைத்திருக்கிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

ஸ்வெட்டரில் வலது கை பாக்கி. விரிப்புக்கு ஏழு சதுரம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
பின்னிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி