முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு இதைப் படி

அன்புள்ள தம்பி,

போனில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. நான் ஆரம்பித்தாலே உன் அம்மா போனை வாங்கிவிடுகிறாள், அப்புறம் அழுகைதான். அதனால் எழுதுகிறேன். உன் சின்னம்மைக்கு டாக்டர் கொடுத்த அசைக்ளோவிர் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் மேசை மேல் கிடந்ததை வீடியோவில் பார்த்தேன். அம்மன் வந்திருக்கும்போது மருந்து சாப்பிடக் கூடாது என்று அம்மா சொன்னதால்தான் வைத்திருக்கிறாய் என்பதும் தெரியும். முதலில் எழுந்து போய் ஒரு மாத்திரையைப் போட்டு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வா. மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நேற்று மதியம்தான் வயிற்றில் முதல் கொப்புளத்தைப் பார்த்தாய். இந்த மாத்திரை வைரஸைக் கொல்லாது, அது பெருகுவதைத் தடுக்கும். பெருகி முடிந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. கொப்புளம் தெரிந்து 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். ஐந்து வேளை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7, 11 என்று வைத்துக்கொண்டால் நடுராத்திரி எழ வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தபோது நான் எல்லோருக்கும் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடாதே, கொடுத்த நாள் முழுக்கப் போடு. தண்ணீர் குறைவாகக் குடித்தால் இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியலாம். அதனால் இளநீரோ மோரோ வெறும் தண்ணீரோ, ஏதாவது ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும்.

சின்னப் பிள்ளையாக இருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். ஆரோக்கியமான குழந்தைக்கு வரும் சின்னம்மை பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே ஆறிவிடும். உனக்கு இருபத்தேழு வயது. பெரியவர்களுக்கு வந்தால் காய்ச்சலும் அதிகம், கொப்புளமும் அதிகம், நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிற வாய்ப்பும் அதிகம். புகை பிடிக்கிறவர்களுக்கு அது இன்னும் கூடுதல். நீ பிடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. பிடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடு, ஆறும் வரை தொடாதே.

பெரியப்பா உனக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியிருப்பார். ஏதோ ஒரு மூலிகைப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் மூன்றே நாளில் அம்மை இறங்கிவிடுமாம். சின்னம்மை ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே பொருக்குத் தட்டி உதிர்கிற நோய். அந்தப் பத்து நாளில் எதைச் சாப்பிட்டாலும், சாப்பிட்டதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். தானாக ஆறுகிற நோய்க்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். அதற்காக வீட்டு வைத்தியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நோயில் மனிதனைப் படுத்துவது பாதிக்கு மேல் அரிப்பும் உடம்புச் சூடும் வாய்ப்புண்ணும்தான். அதற்கெல்லாம் நம் கையில் நல்ல வழி இருக்கிறது. வைரஸைப் பார்த்துக்கொள்வது மாத்திரையின் வேலை. அரிப்பையும் சூட்டையும் பார்த்துக்கொள்வது வேப்பிலையின் வேலை. இதன் வேலையை அதனிடம் கொடுத்தால்தான் வம்பு.

வேப்பிலை அங்கே கிடைக்காதே என்று அம்மா புலம்புகிறாள். அவளிடம் சொல், புனேயில் அதற்குப் பஞ்சமே இல்லை. குடி பாட்வா என்கிற மராத்திப் புத்தாண்டு அன்று வேப்பங்கொழுந்தை வெல்லத்தோடு சேர்த்துச் சாப்பிடுகிற ஊர் அது. காய்கறிக் கடையில் 'கடுலிம்ப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நீ போகாதே, யாரையாவது வாங்கி வந்து வாசலில் வைக்கச் சொல். நன்றாகக் கழுவி, தண்ணீரை உதறிவிட்டு, இளங்கொழுந்தாகப் பார்த்து ஒரு கொத்துக் கட்டிக்கொள். அரிக்கிற இடத்தில் மேலிருந்து கீழாக, பட்டும் படாமலும் வருட வேண்டும். தேய்க்கக் கூடாது. நகத்தால் சொறிய வேண்டும் என்கிற வெறி அதிலேயே தணிந்துவிடும், கொப்புளமும் உடையாது. காய்ந்த இலை குத்தும், அதனால் தினமும் புதுக்கொத்து. வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் சொறியாமல் இருந்தாலே தழும்பு குறையும், சீழ் பிடிக்கிற வாய்ப்பும் குறையும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்லி அத்தை சொன்னாளாமே, அதை உடைந்த கொப்புளத்தின் மேல் வைக்காதே. அம்மியும் மிக்சியும் ஆஸ்பத்திரிக் கத்திரி மாதிரி சுத்தம் செய்தவை அல்ல. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் குடிப்பது கூடவே கூடாது.

இன்னொன்று ஓட்ஸ் குளியல். இது நம் பாட்டி வைத்தியம் இல்லை, வெள்ளைக்காரப் பாட்டிகளுடையது. ஆனால் தோல் அரிப்புக்கு உண்மையாகவே வேலை செய்கிறது. நீ காலையில் சாப்பிடுகிற அதே ஓட்ஸ்தான், மசாலா கலக்காத வெறும் ஓட்ஸ். ஒரு கப் எடுத்து மிக்சியில் மாவாக அரை. ஒரு ஸ்பூன் மாவை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி ஆக வேண்டும். அடியில் தவிடாகத் தங்கினால் இன்னும் ஒரு சுற்று அரை. அதை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் கரைத்து, மெதுவாக மேலே ஊற்றிக்கொண்டு கால் மணி நேரம் இரு. தரை வழுக்கும், பார்த்து நில். சோப்பு, நார் எதுவும் வேண்டாம். துடைக்கும்போது துண்டை ஒற்றி எடு. அதன் பிறகு காலமைன் லோஷனை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் தொட்டுப் புள்ளி புள்ளியாக வை. கண் பக்கம், வாய்க்குள் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடு. ராத்திரி தூக்கத்தில் கை போகும், பழைய சுத்தமான சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்?

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை குளிக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள். இதில் நான் அவள் கட்சி இல்லை. தினமும் குளி. வியர்வையும் அழுக்கும் உடைந்த கொப்புளத்தில் சேர்ந்தால்தான் சீழ் பிடிக்கும். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ நல்ல நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொள், அதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டும் செய்யலாம்.

காய்ச்சலுக்கு டாக்டர் கொடுத்த பாராசிட்டமால் மட்டும் போதும். பல்வலிக்கு வாங்கி வைத்த இபுபுரூஃபன் டப்பாவில் இருக்கும், அதைத் தொடாதே. அம்மை நேரத்தில் அதைப் போட்டவர்களுக்குத் தோலில் மோசமான கிருமித் தொற்று வந்ததைப் பார்த்துத்தான் வேண்டாம் என்கிறார்கள். ஆஸ்பிரினும் கூடாது.

சாப்பாடு விஷயத்தில் அம்மா சொல்வதை அப்படியே கேள். வாய்க்குள்ளும் கொப்புளம் வரும், காரமும் ஊறுகாயும் சிப்ஸும் பட்டால் எரியும். குழைய வடித்த சோறும் மோரும், ஆறிய பருப்புச் சாதம், கம்பு கிடைத்தால் கூழ், தர்பூசணி. நுங்கு இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கும், அங்கே 'தாட்கோளா' என்று விற்பார்கள். முட்டை சாப்பிட்டால் தப்பில்லை, அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

இங்கே சமயபுரத்தில் பச்சைப் பட்டினி நடக்கிறது. வருடா வருடம் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே நமக்காக விரதம் இருப்பாள், சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். உன் அம்மா இந்த வருடம் உனக்காகத் தானும் இருக்கிறாள். சர்க்கரைக்காரி, வேண்டாம் என்றால் கேட்கிறாளா? நான் வேளாவேளைக்கு மோரில் சாதத்தைப் போட்டு நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

மருந்து சாப்பிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்கிற பயம் அவளுக்கு இருக்கிறது. நேற்று இரவு அவளிடம் என் இடது தோளைக் காட்டினேன். அம்மை குத்திய தழும்பு இன்னும் காசு அளவுக்கு இருக்கிறது. என் சிறு வயதில் பெரியம்மை இருந்தது. கண் போனவர்கள், முகம் முழுக்கக் குழி விழுந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஊசி குத்தித்தான் அதை ஒழித்தார்கள். 1980-ல் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காகச் சமயபுரத்தாள் யார் மேலும் கோபப்படவில்லை, சித்திரைத் தேருக்குக் கூட்டமும் குறையவில்லை. அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் துணியில் முடிகிற காசோடு உன் மாத்திரைச் சீட்டின் நகலையும் மடித்துச் சாமி படத்தடியில் வைத்திருக்கிறாள். அதுவரைக்கும் லாபம்.

நம் பழக்கம் ஒவ்வொன்றிலும் அறிவியல் ஒளிந்திருக்கிறது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதற்கு என்ன மருத்துவக் காரணமோ, எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் வேப்பிலை செருகி, வெளி ஆளை உள்ளே விடாமல் வைத்தார்களே, அது அசல் காரியம். கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இது காற்றில் பரவ ஆரம்பிக்கும், கடைசிக் கொப்புளமும் பொருக்கு ஆகிற வரை பரவும். அதனால்தான் அம்மாவை அங்கே விட மாட்டேன் என்கிறேன். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே இல்லை என்று உன் மாமா உறுதியாகச் சொல்கிறார். ஊரில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் கிட்டே போகாதே என்று எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள், தன் பிள்ளை என்றதும் பையைக் கட்டுகிறாள்.

இப்போது உன் கூட இருக்கும் பையனுக்கு வருவோம். அவனுக்கு இதுவரை வந்ததில்லை, ஊசியும் போட்டதில்லை என்றாயே, இன்றைக்கே அவனை டாக்டரிடம் அனுப்பு. பக்கத்தில் இருந்த மூன்று நாளைக்குள், அதிகம் போனால் ஐந்து நாளைக்குள் தடுப்பூசி போட்டால் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வரும். போடாமல் விட்டால் 10 முதல் 21 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் அவனுக்குக் கிளம்பும். இந்த ஊசி பிறந்த கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. மிச்சியாக்கி தக்காஹாஷி என்று ஒரு ஜப்பானிய டாக்டர். 1964-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அவருடைய மூன்று வயதுப் பையனுக்கு, விளையாடப் போன இடத்தில் சின்னம்மை தொற்றி மிகவும் மோசமாகிவிட்டது. ராத்திரியெல்லாம் பிள்ளை பக்கத்திலேயே கிடந்தார்கள். பையன் பிழைத்தான். தக்காஹாஷி ஊருக்குத் திரும்பி இதையே வேலையாக எடுத்துக்கொண்டு, 1974-ல் தடுப்பூசியைக் கொண்டு வந்தார். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலும் போடுவது அவர் பக்குவப்படுத்திய அதே வைரஸ் வகைதான். நம் நாட்டில் இன்னும் அரசு இலவச அட்டவணையில் அது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அந்தப் பையனிடம் பணம் இல்லையென்றால் நீ கொடு, நான் அனுப்புகிறேன்.

அதைவிட முக்கியம், வீட்டு ஓனர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று போன வாரம் சொன்னாய். மறைக்காதே. அவர்களுக்கு உடனே போன் போட்டு இன்ன மாதிரி என்று சொல்லிவிடு. அவளுக்கு முன்பே வந்திருந்தால் கவலை இல்லை. வந்ததில்லை என்றால் கர்ப்ப காலத்தில் தடுப்பூசி போட முடியாது, வேறு ஊசி இருக்கிறது, அதை அவளுடைய டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று யோசிக்காதே. சொன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலியோடு இருமல் வந்தாலோ, தலைவலி தாங்காமல் கழுத்து விறைத்தாலோ, பேச்சு தடுமாறினாலோ எனக்குப் போன் பண்ணி யோசனை கேட்டுக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும் முன் அம்மை என்று சொல்லிவிட்டுப் போ, மற்ற நோயாளிகளோடு உட்கார வைக்க மாட்டார்கள். ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து, சுட்டு, வலி பரவினாலும் காட்ட வேண்டும். வலது கண் இமை ஓரம் ஒன்று இருந்ததே, அதை இன்று இரவு வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு, டாக்டருக்கும் அனுப்பு.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சின்னம்மை போட்டுவிட்டது, அதனால் நான் வரலாம். டிக்கெட் எடுத்துவிட்டேன், சென்னை வந்து மாறி ஞாயிறு காலை புனே வந்து சேர்வேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். மெல்லிய பருத்தி லுங்கி இரண்டும் பழைய வேட்டித் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன், கொப்புளத்துக்கு ஜீன்ஸ் ஆகாது. அம்மா துள்ளுமாவுக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள். வேறு என்ன வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல். இரவு 11 மணி மாத்திரையைப் போட்டதும் ஒரு வரி அனுப்பு, நான் விழித்திருப்பேன்.

அப்பா